நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே

தோழர்களே,

இந்த இதழ் ஆறு வாரம் தாமதமாக உங்கள் கைக்கு வருகிறது. தாமதத்துக்கு வழக்கமாக நாங்கள் சொல்லும் காரணம் காசு. தாள் விலை, அச்சுக்கூலி, சந்தா கட்டாத தோழர்கள் என்று ஒரு பட்டியல் தயாராக வைத்திருப்போம். இந்த முறை காரணம் அது இல்லை. மெய்ப்புப் பார்க்கும் தோழர் தினமும் இரண்டரை மணிக்கே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் விசயம்.

அவர் சென்னை கண்ணகி நகரிலிருந்து வருகிறவர். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஐந்தாவது, சின்னவன் ஒன்றாவது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா போன தை மாதம் இறந்துபோனார். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டால் வீட்டில் ஒரு ஆள் வேண்டும். வேலை தேங்குகிறதே என்ற எரிச்சலில் நான் சொன்னேன்: "பெரியவதான் இருக்காளே தோழர், தம்பிய அவ பாத்துக்க மாட்டாளா?" அவர் மெய்ப்புத் தாளை மடித்து மேசையில் வைத்தார். "உங்க அக்கா உங்களப் பாத்துக்கிட்ட மாதிரியா தோழர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

என் அக்காவின் கதையை எத்தனையோ மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியவன் நான். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு பதில் தேடித்தான் இந்தத் தலையங்கத்தை எழுதுகிறேன்.

கதை தெரியாத புதுத் தோழர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு காலனி. அப்பாவும் அம்மாவும் கூலி. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று அம்மா கருக்கலில் போனால் கருக்கலில்தான் திரும்பும். அக்கா நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நாலு வயது. எங்கள் ஆயா படுத்த படுக்கையாகிவிட்டது. அந்த நடவோடு அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள். நின்றாள் என்று எழுதினால் அவளே விரும்பி நின்ற மாதிரி இருக்கிறது. நிறுத்தினோம். "நீ போனா தம்பிய யாருடி பாக்குறது?" என்ற ஒரு கேள்வியில் முடிந்துபோனது அவளுடைய படிப்பு. அப்போது அவளுக்கு வயது பத்து.

அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போனேன். நாலு மணிக்கு நான் திரும்பும்போது அவள் தெருமுனையில் நிற்பாள். 1982-இல் சத்துணவு வந்தபோது நான் மூன்றாவது. மத்தியானம் எனக்கு வயிறு நிறைந்தது. அக்காவுக்கு இல்லை. பள்ளியில் பெயர் இருந்தால்தானே தட்டு? சாயங்காலம் அவள் எனக்குக் கஞ்சி காய்ச்சி வைத்திருப்பாள். ஒருநாள் அடுப்புக்கிட்ட நான் விளையாடிக்கொண்டு போனதில் சட்டி சரிந்தது. என்னைத் தள்ளிவிட்டு அவள் காலில் வாங்கிக்கொண்டாள். அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. நான் எம்.ஏ. படித்தேன். அவள் இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் என் பெயர் அச்சாகிறதென்றால், அது அவளுடைய சாயங்காலங்களிலிருந்து வந்தது.

இதைத்தான் மேடையில் தியாகம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தியாகம் என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவைக் கருக்கலில் வரச்சொன்ன பண்ணையும், அந்தக் காலனியில் ஒரு பாலவாடிகூடத் திறக்காத அரசும், "பொண்ணுதானே" என்று விட்ட எங்கள் வீட்டு ஆண்களும் அந்த ஒரே வார்த்தைக்குள் ஒளிந்துகொண்டோம்.

இது பழைய கதை, இப்போது யார் வீட்டில் பிள்ளையை நிறுத்துகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சரி, கண்ணகி நகருக்கே போவோம். கூவம் கரை, அடையாறு கரை, கடற்கரைக் குப்பங்கள், சாலையோரங்கள் என்று நகரத்துக்குள் இருந்த நம் சனங்களை 2000-ஆம் ஆண்டு முதல் அள்ளிக்கொண்டு வந்து இங்கே கொட்டினார்கள். அப்புறம் செம்மஞ்சேரி, அதற்கப்புறம் பெரும்பாக்கத்தின் எட்டு அடுக்குக் கட்டடங்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். பழைய வீடுகள் 200 சதுர அடிகூட வராது. குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வாழ்விடம் என்றால் என்ன என்று மட்டும் அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

குடிசை இருந்த இடத்தில் என்ன இருந்தது? ஒழுகும் கூரை இருந்தது, சாக்கடை இருந்தது, கொசு இருந்தது. கூடவே பக்கத்துக் குடிசையில் சித்தி இருந்தாள், எதிரில் அத்தை இருந்தாள், முனையில் இட்லிக் கடை போட்ட ஆயா இருந்தது. வேலை செய்யும் வீடு நடந்து போகிற தூரம். நாலு மணிக்கு ஓடிவந்து பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு மறுபடி ஐந்து மணிப் பாத்திரத்துக்குப் போய்விடலாம். குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கியபோது சித்தி ஒரு பிளாக், அத்தை ஒரு பிளாக், ஆயா எங்கேயோ. வேலை மட்டும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் தியாகராய நகரிலுமே நின்றுவிட்டது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். நல்லது, வரவேற்போம். டிக்கெட் மிச்சமாயிற்று. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்ற அந்த நேரத்தை யார் திருப்பித் தருவது?

போன மாதம் மெய்ப்புத் தோழரின் வீட்டுக்குப் போயிருந்தேன். நாலேகால் மணி இருக்கும். மாடிப்படியில் ஒரு பையன், எட்டு வயசுக்குள்தான் இருப்பான், சட்டையைத் தூக்கி அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான். பையை உள்ளே எறிந்துவிட்டுக் குடத்தோடு வெளியே வந்தான். பின்னாலேயே மூக்கொழுக ஒரு தங்கச்சி. பேச்சுக் கொடுத்தேன்.

"அம்மா எப்ப வரும்டா?"

"எட்டு மணி ஆயிடும்ண்ணா. அந்த வீட்டுப் பாப்பா தூங்குனாத்தான் அம்மாவ உடுவாங்க."

தோழர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் நான் எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பிள்ளைக்குச் சோறூட்டிக் கதை சொல்லித் தூங்க வைக்கிற கை இவனுடைய அம்மாவின் கை. அந்தக் கைக்குக் கூலி உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தாலாட்டு, இந்த வீட்டுப் பிள்ளைக்குச் சாவி. ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தைப் பிரித்தவர்கள், ஒரே தாயின் சாயங்காலத்தையும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பையன் பாவம் என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அவன் என்னைவிட விவரம். தண்ணி எப்போது வரும், எத்தனை குடம் பிடித்தால் மறுநாள் வரைக்கும் தாங்கும், அடுப்பின் குழாய் வாடை அடித்தால் எதைத் திருக வேண்டும், எந்த மாடிப்படியில் இருட்டிய பிறகு தங்கச்சியை விடக்கூடாது, எல்லாம் அவனுக்குத் தெரியும். நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் வேறு வழியில்லாமல் வந்த கெட்டிக்காரத்தனத்தை மெச்சிவிட்டுப் போவது, சாணி அள்ளும் பிள்ளையின் சுறுசுறுப்பைப் பண்ணையார் மெச்சியது போலத்தான்.

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அந்த அம்மாவிடம் என்ன கேட்டார்களாம் தெரியுமா? "வீட்ல உக்கார வச்சு யாரும் சொல்லித்தர மாட்டீங்களா?" வீட்டுப்பாடம் என்ற வார்த்தையை நாம் யோசித்துப் பார்த்ததே இல்லை. ஐந்து மணிக்கு ஒரு வெளிச்சமான அறை, ஒரு மேசை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர், அவருக்கு ஓய்வு. இவ்வளவும் இருக்கிற வீட்டை மனதில் வைத்துக்கொண்டு கொடுக்கப்படுவதுதான் வீட்டுப்பாடம். அந்த வீடு யாருடைய வீடு? பாதிப் பாடத்தைப் பள்ளியில் நடத்திவிட்டு, மீதிப் பாதியை அப்படி ஒரு வீட்டிடம் ஒப்படைக்கிறார்கள். அப்புறம் பரீட்சை வைத்து, நம் பிள்ளைக்குத் தகுதி இல்லை, திறமை இல்லை என்கிறார்கள். தகுதியும் திறமையும் பிறப்பில் வருவதாகச் சொன்னது மனு. இன்றைக்கு அது நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே, டியூசனிலும் கோச்சிங்கிலும் மேசை விளக்கின் அடியிலும் தயாராகிறது. பகலில் பள்ளிக்கூடம் கொடுப்பதைச் சாதி சாயங்காலத்தில் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது.

இந்தச் சாயங்காலத்தின் மீது சட்டம் கை வைக்காமல் இல்லை. இரண்டு முறை கை வைத்தது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை நாம் குலக்கல்வித் திட்டம் என்று சொல்கிறோம். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம்தான் படிப்பு. மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைக்கு அப்பன் தொழில் எது? செத்த மாடு தூக்குவதும் பறையடிப்பதும் பண்ணை வேலையும்தான். பெரியார் இயக்கம் கொதித்தெழுந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் ஆட்சி அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டது. வரலாற்றில் அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினாலு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது என்று ஒரு கையால் எழுதினார்கள். இன்னொரு கையால் ஒரு விதிவிலக்கு எழுதினார்கள்: பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும், ஆபத்தான வேலை இல்லையென்றால், குழந்தை தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம். ஆம்பூர் பக்கம் வீட்டுக்கே வருகிற செருப்பு மேல்தோல் தையல், இது குடும்பத் தொழில்தானே என்று யாரும் சொல்லிவிடலாம். அறுபத்து மூன்று வருசத்துக்குப் பிறகு, பள்ளி விட்ட நேரம் அப்பன் தொழிலுக்கு என்பது திரும்பவும் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. இந்த முறை தெருவில் இறங்கிய கூட்டம் எங்கே? நாமும் இறங்கவில்லை. இதே பத்திரிகையில் அன்றைக்கு ஒரு வரிகூட வரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பற்றிய சட்டங்களையும் பாருங்கள். 1948-இன் தொழிற்சாலைச் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2005-இன் நூறு நாள் வேலைச் சட்டம், ஐந்து பிள்ளைகள் வேலையிடத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைக்கச் சொன்னது. 2017-இல் திருத்திய மகப்பேறு சட்டம், ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குக் காப்பகம் கேட்டது. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஐம்பது பேரை எங்கே தேடுவது? அந்த வீட்டில் அவள் ஒருத்திதானே. போகட்டும். தொழிற்சாலைச் சட்டமும் நூறு நாள் வேலைச் சட்டமும் சொன்ன வயது ஆறுக்குக் கீழே. அங்கன்வாடியும் ஆறு வயது வரைதான். ஆறு முடிந்த மறுநாள் பிள்ளை பெரிய மனுசன் ஆகிவிடுகிறானா? தமிழ்நாட்டில் மத்தியானச் சோறு இருக்கிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவும் இருக்கிறது. இரண்டும் போராடிக் காக்க வேண்டியவை. ஆனால் நாலு மணிப் பசிக்குக் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை.

முடியாத காரியமா இது? 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் ஒரு கிராமத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த இழப்பைச் சரிசெய்ய, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தெருவிலேயே வகுப்பு. நம் காலனிகளிலும் நம் பெண்களே திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு ஐம்பது ரூபாய்கூடத் தேறாது. அதற்குத் தன்னார்வம் என்று பெயர். இருந்தாலும் ஒன்று நிரூபணமாயிற்று: மனசு வைத்தால் அரசால் ஐந்து மணிக்குச் சேரிக்குள் வர முடியும். அதை அவர்கள் நெருக்கடிக் காலத்து ஏற்பாடாக நினைத்தார்கள். நம் சாயங்காலங்கள் கொரோனாவுக்கு முன்னாலும் நெருக்கடியில்தான் இருந்தன.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது பாடத்தோடு நிறுத்தவில்லை, பிள்ளைகள் தங்கி உண்ண இடமும் கொடுத்தார். எல்.சி. குருசாமி அருந்ததிய மக்களுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால் மட்டும் போதாது, பள்ளி விட்ட பிறகு அதற்கு ஒரு விளக்கும் ஒரு தட்டும் ஒரு ஆளும் வேண்டும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். அண்ணல் அம்பேத்கர் 1928-இல் பம்பாய் சட்ட மன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, பிள்ளை பெறும் தொழிலாளிப் பெண்ணின் சுமையில் அரசுக்கும் பங்கு உண்டு என்று வாதாடினார். பெறுவதற்கு உள்ள பங்கு வளர்ப்பதற்கு இல்லையா?

அரசை மட்டும் கேட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் கூட்டங்கள் எத்தனை மணிக்கு நடக்கின்றன? சாயங்காலம் ஆறு மணிக்கு. யார் வர முடிகிறது? பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஒருத்தி இருக்கிற ஆண் தோழர்கள். ஆறு மணிக்கு வேலை விட்டு டாஸ்மாக்கில் நிற்கிற அப்பனும், ஆறு மணிக்கு வேலை விட்டு மைக் பிடிக்கிற அப்பனும் பிள்ளைக்கு ஒன்றுதான். இரண்டு பேரும் வீட்டில் இல்லை. வயசுக்கு வந்த பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகப் பயந்து, படிப்பை நிறுத்திச் சீக்கிரமே கட்டிக்கொடுத்துவிடுகிற தாய்மாரை நாம் மேடையில் கண்டிக்கிறோம். தனியாகப் பெண் இருக்கிற வீடு எது என்று தெருவுக்கே தெரியும் என்பதை அந்தத் தாய் நம்மைவிட நன்றாக அறிவாள். அவளுக்கு நாம் கொடுத்த மாற்று என்ன?

ஆகவே நம் கோரிக்கைகளை இப்படி வைப்போம். ஒவ்வொரு காலனியிலும் ஒவ்வொரு மறுகுடியமர்வுப் பகுதியிலும் பள்ளி விட்ட நேரத்திலிருந்து கடைசித் தாய் திரும்பும் வரை திறந்திருக்கும் ஒரு சாயங்கால வீடு வேண்டும். அது இன்னொரு டியூசன் சென்டராக இருக்கக் கூடாது. சாப்பிட, விளையாட, தூங்க, எழுத இடம் வேண்டும். அதை நடத்துகிறவர் அதே பகுதிப் பெண்ணாக இருக்க வேண்டும், அவருக்கு ஊக்கத்தொகை என்ற பேரில் பிச்சை இல்லாமல் அரசுச் சம்பளம் வேண்டும். காப்பகத்தின் வயது வரம்பு ஆறிலிருந்து பதினாலுக்கு உயர வேண்டும். 2016 விதிவிலக்கு நீக்கப்பட வேண்டும். இனி ஒரு குடும்பத்தைக்கூட வேலையிடத்திலிருந்து பிய்த்து எறியக் கூடாது.

கோரிக்கை நிறைவேறும் வரை சும்மா இருக்கப் போவதில்லை. ஆசிரியர் குழுவின் ஆண்கள் நாலு பேரும் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் கண்ணகி நகரில் இருக்கப் போகிறோம். சமைப்பதும் எங்கள் வேலை. சொற்பொழிவு கிடையாது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவத் தோழர்களே, நீங்களும் பெரும்பாலும் ஒரு அக்காவின் சாயங்காலத்திலிருந்து வந்தவர்கள்தான். உங்கள் பக்கத்திலும் ஒரு தெரு இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் போய் உட்காருங்கள். உங்கள் சின்ன வயதின் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை என்ன நடந்தது, யார் உங்களைப் பார்த்தார்கள், அவர் எத்தனையாவதோடு நின்றார் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ் முழுக்க அதற்கே. இயக்கக் கூட்டங்களை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரட்டும், ஆண் தோழர்கள் முறை போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதை எழுதி முடித்து ஊருக்குப் போய் அக்காவிடம் படித்துக் காட்டினேன். காலை நீட்டி உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "கஞ்சி கொட்டுனத எழுதியிருக்க. எங்க வகுப்புலயே கணக்குல நான்தான் மொதல்ல வருவேன், அத எழுதலியேடா?"

நாற்பது வருசமாக அவள் கதையைச் சொல்கிறேன். அது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

மெய்ப்புத் தோழர் இனியும் இரண்டரை மணிக்குப் போவார். அதனால் அடுத்த இதழும் தாமதமாகலாம். நீங்கள் காத்திருங்கள், பரவாயில்லை. பிள்ளைகள் காத்திருந்தது போதும்.

தோழமையுடன்,
ஆசிரியர்